பாரி என்றால் மிட்டாயா?

“கமா!” என்று முழங்கிற்று மண்டபத்தின் ஒரு பாதி. “லா!” என்று எதிரொலித்தது மறு பாதி.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரிலே, சனநாயகக் கட்சியின் மாநாட்டிலே நிகழ்ந்தது இது. குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட நின்ற கமலா ஹாரிஸ் அம்மையாரின் பெயரை எப்படி ஒலிப்பது என்று, அவருடைய தங்கையின் பேத்திகளான சிறுமியர் இருவர், நடிகை ஒருவரின் துணையோடு மேடையேறிப் பாடம் நடத்தினர். பல்லாயிரவர் மாணவராயினர். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்திலே வேர்கொண்ட குடும்பத்தின் பெயரை, சிகாகோ நகரம் எழுத்துக் கூட்டிக் கற்றது!

அம்மையாரே 2019இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில், “காற்புள்ளிக்கு ஆங்கிலத்திலே என்ன பெயரோ அதுபோலச் சொல்லுங்கள்” என்ற பொருளில் வழி காட்டியிருந்தார். தாமரையை வடமொழியாளர் கமலம் என்பர். கடல் கடந்ததும் அந்தத் தாமரைக்கு இதழ் உதிர்ந்தது. காற்புள்ளி ஒன்று துணைக்கு வந்தது. தன் பெயரைப் பிறர் நாவிலே ஏற்ற, பிறர் மொழியின் சொல்லொன்றைப் படிக்கட்டாக்கிக் கொண்டார். அதிலே குற்றம் இல்லை. கூர்த்த அறிவே உண்டு.

ஆனால் படிக்கட்டு போட்ட பின்னும் ஏற மறுத்தவர் உண்டு. 2020 அக்டோபரிலே சியார்சியா மாநிலத்து மேக்கன் நகரில், அன்று செனட் உறுப்பினராயிருந்த டேவிட் பெர்டியூ, அந்தப் பெயரை இழுத்தார், முறித்தார், நீட்டினார், “ஏதோ ஒன்று” என்று முடித்தார். கூட்டம் கொல்லெனச் சிரித்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுக் காலம் ஒரே அவையிலே உடனிருந்தவரின் பெயர் அது! நாக்கா புரளவில்லை? இல்லை, தோழர்களே! நெஞ்சு புரளவில்லை.

அங்கே அதிகாரத்தின் உச்சியை எட்டிய அம்மையாருக்கே இந்த நிலை என்றால், பழுப்பு நிலக்கரி தோண்டும் நெய்வேலியிலே, சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவனுக்கு எந்த நிலை வாய்க்கும்? அதைச் சொல்லத்தான் எழுதுகோலை எடுத்தேன்.

என் பெயர் பாரி.

தந்தை சூட்டிய பெயர். சாதகம் பார்த்துச் சூட்டியதல்ல; நாளும் கோளும் கேட்டுச் சூட்டியதல்ல. முல்லைக்குத் தேர் ஈந்தவன் பாரி என்பதை ஊர் அறியும். “கொடிக்கு ஒரு கொம்பு நட்டால் போதாதா? தேரை விடுவது பகுத்தறிவா?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன், சிறுவனாயிருந்தபோது. என் தந்தை சிரித்தார். “தேரைப் பார்க்காதேடா! பறம்பைப் பார். முந்நூறு ஊருக்குத் தலைவன். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டபோதும் பணியாதவன். இரந்தவனுக்கு இல்லையென்று சொல்லாதவன், மிரட்டியவனுக்கு ஆமென்று சொல்லாதவன். அவன் கடவுளுமல்ல, அவதாரமுமல்ல, மனிதன். அதனால்தான் வைத்தேன்” என்றார். நாளெல்லாம் சுரங்கத்துப் புழுதியிலே நின்றவர், இரவுகளிலே புறநானூற்று உரைநூலைப் புரட்டியவர் சூட்டிய பெயர் அது.

அந்தப் பெயரோடு கல்லூரிக்குச் சென்றேன். ஆங்கில வகுப்பு, முதல் நாள். வருகைப் பதிவேட்டைப் பார்த்த பேராசிரியர், என் பெயரருகே விரலை நிறுத்தினார். “பாரியா? எந்தப் பாரி? மிட்டாயா, சர்க்கரையா?” என்றார். வகுப்பு சிரித்தது. அத்துடன் விட்டாரா? எதுகை தேடினார். கேரி, மேரி, ஹாரி என்று அடுக்கிக்கொண்டே போய், “சாரி, பாரி!” என்று முடித்தார். அன்று தொட்டு மூன்றாண்டுக் காலம் என் பெயரோடு மன்னிப்பும் ஒட்டிக்கொண்டது. “சாரி, பாரி” என்பார்கள். எவரும் உண்மையிலே மன்னிப்புக் கேட்டதில்லை.

அதே பேராசிரியர், அதே வகுப்பிலே, மறுநாள் நடத்திய பாடம் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை. அந்தப் பெயரைப் பிரித்தால் ‘சொற்களின் மதிப்பு’ என்றாகும். கவிஞனுக்கு இதைவிட வேடிக்கையான பெயர் கிடைக்குமா? எவரும் சிரிக்கவில்லை. ஷேக்ஸ்பியர் வந்தார். அந்தப் பெயரின் முன்பாதி ‘குலுக்கு’, பின்பாதி ‘ஈட்டி’. ‘ஈட்டி குலுக்கி’ என்று எவரும் அழைக்கவில்லை. அவையெல்லாம் பெயர்கள், என்னுடையது மட்டும் வேடிக்கை!

இந்த ஓரவஞ்சனையை எண்ணியெண்ணி, என் பெயரின் ஒலியைத் தேடி மொழிமொழியாக அலைந்தேன். கிடைத்ததைக் கேளுங்கள்.

பாரசீகத்திலும் இந்தியிலும் ‘பரி’ என்றால் தேவதை. நெய்வேலி நகரியத்திலே பல மாநிலத்தார் வாழ்கிறார்கள். ஆங்கில எழுத்திலே எழுதிய என் பெயரை வட மாநிலத்து நண்பர் ஒருவர் குறுக்கிப் படித்துவிட்டு, “பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயராயிற்றே!” என்று வியந்தார். ஆங்கில எழுத்துக்குத்தான் நெடில் குறில் தெரியாதே! அடுத்துள்ள புதுவைக்குச் சென்றேன். பிரெஞ்சு மொழி அறிந்த முதியவர் ஒருவர், பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். “எங்கள் தலைநகரின் பெயரல்லவா!” என்றார். ஆம், நாம் பாரிஸ் என்று எழுதும் நகரத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘பாரி’ என்றே ஒலிப்பர். அதே மொழியிலே அதே ஒலிக்குப் ‘பந்தயம்’ என்ற பொருளும் உண்டு.

மிட்டாய், தேவதை, தலைநகர், பந்தயம்! ஒலி ஏறத்தாழ ஒன்றுதான். ஒரிடத்திலே ஏளனம், ஒரிடத்திலே வியப்பு, ஒரிடத்திலே வாழ்த்து. மாறியது என் பெயரா? கேட்ட காதுகள் அல்லவா!

சரி, அந்த மிட்டாய்க்குரிய பாரி யார்? தாமஸ் பாரி. வேல்சு நாட்டவர். 1788இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கியவர். அவர் பெயரால் அமைந்த நிறுவனம் நிலைத்தது. அதன் வாணிக மனை இருந்த மூலைக்குப் ‘பாரிமுனை’ என்ற பெயரும் நிலைத்தது. நெய்வேலிக்கு அருகே நெல்லிக்குப்பத்திலே சர்க்கரை ஆலை எழுந்ததும் அந்த நிறுவனத்தாலேதான். மிட்டாய்ப் பிரிவை 2004இல் கொரிய நாட்டு லோட்டே நிறுவனம் வாங்கிற்று. அந்த ‘லோட்டே’ என்பதும் ஒரு பெண்ணின் பெயர்தான். செருமானிய அறிஞர் கதே எழுதிய புதினத்துத் தலைவியின் பெயர். ஆகவே, மிட்டாய் உறைமீது பெயர் ஏறுவது இழிவன்று. வணிகர் பாரிக்கு என் மீது பகையில்லை. எனக்கும் அவர் மீது இல்லை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். பேருந்திலே “பாரிமுனைக்கு ஒரு சீட்டு” என்று நாளும் கேட்கும் தமிழனுக்கு, எந்தப் பாரி முதலில் நினைவுக்கு வருகிறான்? வேல்சிலிருந்து வந்த வணிகனா, பறம்பிலே வாழ்ந்த வள்ளலா? பேராசிரியர் வணிகனை அறிந்திருந்தார், வள்ளலை மறந்திருந்தார். சிக்கல் ஒலியிலே இல்லை, நினைவிலே இருக்கிறது.

ஒலி ஒத்துப்போவது இயல்பு. மனித வாய் ஒன்று, எழுப்பக்கூடிய ஒலிகள் சில, மொழிகளோ ஆயிரக்கணக்கில். மோதாமல் இருக்குமா? மணி என்றால் ஆங்கிலேயனுக்குப் பணம். வில் என்றால் விருப்பமுறி. புல் என்றால் இழு. நமக்கும் அவர்களுடைய சொற்கள் அப்படியே. அவர்களுடைய பில் துரை நமக்குக் கடைச்சீட்டு. மார்க் துரை நமக்குத் தேர்வு மதிப்பெண். இதிலே மேலோர் யார், கீழோர் யார்?

ஒப்பொலியை வைத்து உறவு கொண்டாடுவோரும் உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். ஆங்கிலத்திலே ‘கேஷ்’ என்றொரு சொல் இருக்கிறது. பணம் என்று பொருள். உடனே நம்மவர், “காசு! நம் காசு!” என்று கைதட்டுவர். ஆனால் பொழுதெல்லாம் புழங்கும் அந்தச் சொல், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கீழை நாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்க அதே எழுத்துகளில் ஆங்கில அகராதியிலே வேறொரு சொல் இருக்கிறது. அதுதான் நம் காசிலிருந்து போனது. இரண்டு சொல், ஒரே உருவம், இரு வேறு பிறப்பு! கட்டுமரமும் கறியும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்திற்குப் போனது மெய், சான்று உண்டு. சான்று இருந்தால் ஏற்போம், இல்லையேல் விடுவோம். பகுத்தறிவாளனின் அகராதி அப்படித்தான் இருக்கும்.

சான்றுள்ள சொற்களிலே ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடாமற் செய்தது. என் பெயருக்கு ஆங்கிலத்திலே ஒத்த ஒலி தேடியபோதுதான் அது கண்ணிலே பட்டது. ‘பரையா’ என்று ஒலிக்கிறார்கள். ஒதுக்கப்பட்டவன், எவரும் அண்டாதவன் என்று பொருள். உலக அரங்கிலே ஒரு நாட்டைத் தள்ளிவைக்க வேண்டுமானால், ‘பரையா நாடு’ என்று எழுதுகின்றன ஆங்கில ஏடுகள். எங்கிருந்து போயிற்று இந்தச் சொல்? நம்மிடமிருந்துதான்! பறை முழக்கிய மக்களின் பெயர். அவர்களைச் சேரிக்குத் தள்ளிய சமுதாயத்தைக் கண்ட வெள்ளையன், பெயரையும் தள்ளலையும் சேர்த்தே கப்பலேற்றினான். பதினேழாம் நூற்றாண்டிலே ஏறிய சொல், இன்னும் இறங்கவில்லை.

மிட்டாய் என்று என்னை அழைத்தது தற்செயல் ஒலி; சில நாள் முகம் சிவந்தேன், தீர்ந்தது. ஆனால் இந்தச் சொல் தற்செயலன்று. ஒரு மக்களின் பெயரை உலக வசையாக்கியதில், எழுதிய வெள்ளையனுக்குப் பங்கு உண்டு. எழுதக் கொடுத்த நமக்குப் பெரும்பங்கு உண்டு. பெயரைப் பற்றி வெட்கப்பட வேண்டுமானால், வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான், தோழர்களே!

சிரிப்பு எப்போதும் மேலிருந்து கீழே பாய்கிறது. ‘புதர்’ என்ற பொருளுடைய பெயரோடு அமெரிக்க நாட்டை ஆண்டனர் இருவர். தந்தை புஷ் 1989 முதல் 1993 வரை. மகன் புஷ் 2001 முதல் 2009 வரை. மகன் புஷ்ஷின் அமைச்சரவையிலே ‘அரிசி’ என்று பொருள்படும் பெயரோடு ஓர் அம்மையார் வெளியுறவுத் துறையை நடத்தினார். புதரும் அரிசியும் உலகை ஆட்டிப்படைத்தபோது சிரித்தவர் உண்டோ? ஆளுவோன் பெயர் அழகு. அடங்குவோன் பெயர் வேடிக்கை. அவ்வளவுதான் இலக்கணம்.

இந்த அச்சத்தைக் காசாக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. எண்கணிதச் சோதிடர் கூட்டம்! பட்டம் பெற்று வேலை தேடிய நாளிலே, உறவினர் ஒருவர் என்னை அப்படிப்பட்ட ஒருவரிடம் இழுத்துச் சென்றார். என் பெயரை ஆங்கிலத்திலே எழுதச் சொன்னார் சோதிடர். பி, ஏ, ஏ, ஆர், ஐ என்று எழுதினேன். பி என்றால் 8. ஏ என்றால் 1. மற்றோர் ஏக்கும் 1. ஆர் என்றால் 2. ஐ என்றால் 1. கூட்டினால் 13. ஒன்றும் மூன்றும் நான்கு. “நான்கு ஆகாது!” என்று உதட்டைப் பிதுக்கினார். பரிகாரமும் அவரிடமே இருந்தது. பி, ஏ, ஆர், ஆர், ஒய் என்று மாற்று, 14 வரும், ஒன்றும் நான்கும் ஐந்து, ஐந்து வந்தால் அமோகம் என்றார்.

கவனித்தீர்களா? அவர் எழுதிக் கொடுத்தது வேல்சு நாட்டு வணிகரின் பெயர்! பேராசிரியர் ஏளனத்தாலே செய்ததை, சோதிடர் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எண்கணிதத்திலே இன்னொரு பிரிவினர் இருக்கிறார்கள். அவர்கள் ஏ முதல் வரிசையாக ஒன்று முதல் ஒன்பது வரை எண் கொடுப்பவர்கள். அந்த முறையில் பிக்கு 7, ஆருக்கு 9, ஐக்கு 9. என் பெயர் 27. இரண்டும் ஏழும் ஒன்பது! ஒரே பெயர், ஒரே எழுத்து. ஒருவரிடம் நான்கு, மற்றவரிடம் ஒன்பது. இரும்பைத் தெருவுக்குத் தெரு வேறு வேறு எடை காட்டும் தராசு எதற்காகும்? அதுவும் போகட்டும். கோள்களுக்கு ஆங்கிலம் யார் கற்பித்தது? ஆங்கிலேயன் கரையிறங்குவதற்கு முன் இந்த மண்ணிலே பிறந்தவர்களுக்கு எந்த எழுத்தைக் கூட்டினார்கள்? ‘ழ’கரத்துக்கு என்ன எண்? தமிழனின் வாழ்வை இருபத்தாறு அயல் எழுத்துகளிலே அடைத்துவைத்து, அதற்கு ‘சாத்திரம்’ என்று பெயரும் சூட்டினால், நம்புவதற்கு நாம் என்ன பதுமைகளா?

பெயரை மாற்றவே கூடாது என்பதன்று என் கட்சி. நம் இயக்கமே பெயர் மாற்றத்திலே வளர்ந்த இயக்கந்தான். 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே தொங்கும் சாதிவாலை அறுத்தெறியச் சொன்னது. இன்றைக்கும் பிற மாநிலத்தார் ‘கடைசிப் பெயர் என்ன?’ என்று கேட்கும்போது, நம் பிள்ளைகள் தந்தை பெயரின் முதலெழுத்தைக் காட்டி விழிக்கிறார்களே, அந்த விழிப்பு வெட்கப்பட வேண்டியதன்று, வெற்றியின் அடையாளம்! வேதாசலம் மறைமலையானார். நாராயணசாமி நெடுஞ்செழியனானார். இராமையா அன்பழகனானார். நம் கடலூரிலே பிறந்த சாரங்கபாணி வீரமணியானார். அந்த மாற்றங்கள் எல்லாம் அச்சத்தால் வந்தவையல்ல, கொள்கையால் வந்தவை. ஏளனத்துக்கு அஞ்சி மாற்றுவது ஓட்டம். கொள்கைக்காக மாற்றுவது போராட்டம்.

மாற்ற மறுத்ததும் போராட்டமே. 1953 மார்ச்சுத் திங்களில் கலைஞருக்கு மகன் பிறந்தபோது, சோவியத் தலைவர் மறைந்த செய்தி வந்தது. மகனுக்கு ஸ்டாலின் என்று பெயர் சூட்டினார். ருசிய மொழியிலே எஃகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆங்கிலத்திலே எஃகுக்குள்ள சொல்லும் அதற்கு உறவுடையது. இந்த ஒப்புமை தற்செயலன்று, மெய்யான உறவு. பிள்ளையைப் பள்ளியிலே சேர்க்கச் சென்றபோது, பெயரை மாற்றினால் இடம் தருவதாகக் கூறினார்களாம். பள்ளியை மாற்றினாரேயன்றிப் பெயரை மாற்றவில்லை தந்தை. பின்னாளில் அந்த மகனே மேடைகளில் இதைச் சொன்னதுண்டு. 2021இல் அதே பெயரோடுதான் அவர் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார்.

வெளியார் ஏளனத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நேர்மையாகாது. பாரிக்கு மகளிர் இருவர்: அங்கவை, சங்கவை. தந்தையை இழந்து, மலையை இழந்து, கபிலரின் துணையோடு நடந்தவர்கள். 2007இல் வெளிவந்த ‘சிவாஜி’ திரைப்படத்திலே அந்த இரு பெயர்களும் வந்தன. எப்படி? கருமை பூசிய இரு பெண்களை நிறுத்தி, நிறத்தைக் காட்டிச் சிரிக்க வைக்கும் காட்சியிலே! பெயரும் ஏளனம், நிறமும் ஏளனம். அரங்குகளிலே சிரித்தவர் யார்? தமிழர். எடுத்தவர் யார்? தமிழர். தமிழ்ப் பெயரே நகைப்புக்குரியது என்று நாமே பயிற்றுவித்தால், பேராசிரியரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

அந்தப் பயிற்சியின் விளைவை என் வகுப்பறையிலேயே கண்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி. பெயரை இங்கே எழுதுவது முறையன்று. ‘தேன்’ என்று தொடங்கும் இனிய தமிழ்ப் பெயர் என்பது மட்டும் போதும். ஆங்கிலத்திலே அதை டி, எச், இ, என் என்று தொடங்கி எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால் ஆங்கிலத்திலே ‘அப்புறம்’ என்று பொருள்படும் சொல்லாகிவிடுகிறது. கேட்க வேண்டுமா? வகுப்பு முழுதும் அவளை “அப்புறம்! அப்புறம்!” என்று அழைக்கத் தொடங்கிற்று. அவள் கை தூக்கினால், “அப்புறம்?” என்று ஒரு குரல். பெண் கை தூக்குவதையே நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் அவள் தந்தை வந்தார். சுரங்கத்திலே ஒப்பந்தத் தொழிலாளி. கையிலே ஒரு தாள். “சார், பாப்பா பேரை மாத்திடலாம்னு இருக்கேன். பத்தாங்கிளாஸ் பரீட்சைக்குப் பேர் அனுப்புறதுக்குள்ள மாத்தினாத்தான் உண்டாம். அப்புறம் அரசிதழ், அலைச்சல்னு சொல்றாங்க” என்றார். தாளிலே இருந்தது, எந்த மொழியிலும் பொருள் சொல்ல முடியாத, ‘ஷா’வில் முடியும் ஒரு பெயர்.

“அண்ணே, இந்தப் பேரை யார் சொன்னது?” என்றேன்.

“யாரோ எழுதிக் குடுத்தாங்க சார். இந்தப் பேருன்னா யாரும் சிரிக்க மாட்டாங்களாம்.”

“உங்க மகளுக்குத் தேன்னு பேர் வச்சது யாரு?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “எங்க அம்மா சார். படிக்காதவங்க. பிள்ளையைத் தூக்கிப் பார்த்துட்டு அவங்கதான் வச்சாங்க. இப்ப அவங்க இல்லை” என்றார்.

ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். மறுநாள் வகுப்பிலே கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தேன். இடப்புறம் எல்லோரும் தத்தம் பெயரை எழுத வேண்டும். வலப்புறம் அதற்கு ஒத்த ஒலியுள்ள ஆங்கிலச் சொல். கண்ணனுக்குப் பீரங்கி வந்தது. வேலனுக்குத் தீயவன் வந்தான். பொன்னிக்கு மட்டக் குதிரை வந்தது. முன்வரிசையிலே நின்று “அப்புறம்” என்று கூவியவன் பெயர் ஹரி. அவனுக்கு ‘அவசரம்’ வந்தது! நான் என் பெயரையும் எழுதி, மிட்டாயையும் எழுதினேன். பிறகு புஷ்ஷையும் ஷேக்ஸ்பியரையும் எழுதி, அவற்றின் பொருளைத் தமிழிலே எழுதச் சொன்னேன். வகுப்பு வயிறு வலிக்கச் சிரித்தது. எல்லோரையும் பார்த்து எல்லோரும் சிரித்த சிரிப்பு அது. ஒருத்தியைப் பார்த்து எல்லோரும் சிரித்த சிரிப்பன்று. ஹரி என்பவனுக்கு மட்டும் இரண்டு நாள் ‘அவசரம்’ என்ற பெயர் நின்றது, அவனும் கற்றான்.

அந்தப் பெண் வகுப்பு முடிந்ததும் வந்தாள். “சார், பேரை மாத்தாம, இங்கிலீஷ் எழுத்தை மட்டும் மாத்தலாமா? ஓர் ஏ சேர்த்தா ‘தேன்’னு நீட்டிப் படிப்பாங்க இல்லையா?” என்றாள். அதுதான் அறிவு! சோதிடர் எழுத்தைச் சேர்க்கச் சொன்னது எண்ணுக்காக; இவள் சேர்க்கச் சொன்னது ஒலிக்காக. முன்னது மூடம், பின்னது முறை. தந்தையும் இசைந்தார். தாளைக் கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு, “அம்மா வச்ச பேரு இருக்கட்டும் சார்” என்றார்.

அச்சிறுமி செய்ததை அரசும் செய்து பார்த்தது. 2020 சூன் திங்களில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணை வந்தது. எழுத்துக் கூட்டலிலே குழப்பம் மிகுந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நன்று, முறைதான் இன்னும் செப்பமாக வேண்டும். நம் மாவட்டத்துக் கடலூரை ஆங்கிலத்திலே எழுதிப் பிரித்துப் பாருங்கள். முன்பாதி ‘அணைத்துக்கொள்’ என்றும் பின்பாதி ‘தாது’ என்றும் ஒலிக்கும். 2021 திசம்பரிலே, பெயரோடு முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. கையெழுத்துக்கு எவர் உதவியும் வேண்டாம், இன்றே தொடங்கலாம்.

இளைஞர்களே! இனி ஒன்று. நம் பெயரைச் சிதைப்பவர் மீது சினம் கொள்கிறோமே, நாம் சிதைக்காத பெயர்கள் எத்தனை? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்து, நம் ஊர்களிலே கல் சுமந்து, கம்பி கட்டி, உணவகத்திலே இலை எடுக்கும் தோழனுக்கு ஒரு பெயர் உண்டு. அவன் தாய் சூட்டிய பெயர். அவன் தாய்மொழியிலே பொருளுள்ள பெயர். நாம் அவனை எப்படி அழைக்கிறோம்? ‘வடக்கன்’ என்கிறோம், ‘இந்திக்காரன்’ என்கிறோம், அவன் ஒடியா பேசுபவனாயிருந்தாலும்! இந்தித் திணிப்பை எதிர்ப்பது உரிமைப் போர். ஏழையின் பெயரைப் பறிப்பது உரிமைப் போரன்று. மேக்கன் நகரத்துச் சிரிப்புக்கும் நம் தெருமுனைச் சிரிப்புக்கும் நிறந்தான் வேறு, நஞ்சு ஒன்றே. நாளைக் காலையிலே அவனிடம் சென்று, “தம்பி, உன் பெயர் என்ன?” என்று கேளுங்கள். ஒரு முறை தவறாகச் சொன்னால் மறுமுறை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். சிகாகோ மண்டபம் கற்றதை நம் சிற்றூர் கற்கலாகாதா?

கடைசியாக, என் பெயருக்கு ஆங்கில அகராதியிலே கண்ட இன்னொரு பொருளையும் சொல்லிவிடுகிறேன். பி, ஏ, ஆர், ஆர், ஒய் என்று எழுதும் அந்தச் சொல், வினையாக வரும்போது, வாட்போரிலே எதிரியின் வீச்சைத் தடுத்து விலக்குவதைக் குறிக்கும். திருப்பி வெட்டுவதன்று, தன்மேல் விழாமல் விலக்குவது. இதுவும் தற்செயல் ஒப்புமைதான். உறவு கொண்டாட மாட்டேன். ஆனால் இந்தப் பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏளனம் வீசப்படும்போது, அறிவென்னும் வாளால் தடுப்போம். நம்மீது விழாமல் தடுப்போம். நம் கையிலிருந்து பிறர்மீது விழாமலும் தடுப்போம்.